ரிங் இடைவெளியும் எரிபொருள் அழுத்தமும்: 150 குதிரைத்திறன் நைட்ரஸுக்கு ஓர் எல்எஸ்1 எஞ்சினைத் தயார் செய்த நிகழ்வு ஆய்வு

2000ஆம் ஆண்டு மாடல் ஷெவர்லே கமாரோ இசட்28 காரிலிருந்து இறக்கப்பட்ட எல்எஸ்1 எஞ்சின் ஒன்றைப் பற்றியது இந்த ஆய்வு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வார இறுதிகளில் கால் மைல் டிராக் பந்தயம் ஓடிவந்த அந்தக் கார், கூடுதல் திறனுக்காக எஞ்சினுக்குள் செலுத்தப்படும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு பாய்ந்துகொண்டிருந்த ஓர் ஓட்டத்தின் நடுவே ஏழாவது சிலிண்டரின் பிஸ்டன் உடைந்து நின்றுபோனது. எஞ்சினை முழுவதும் பிரித்து, உடைந்ததற்கான காரணத்தைக் கண்டறிந்து, அதே 150 குதிரைத்திறன் கூடுதலைத் தாங்கும்படி மறுபடியும் கட்டித் தருவதே எங்களுக்கு வந்த வேலை. நைட்ரஸ் என்றாலே எஞ்சினைத் தின்றுவிடும் என்ற பேச்சு பட்டறைகளில் பரவலாக உண்டு. ஆனால் இந்த எஞ்சினின் உடைந்த பாகங்களை வரிசையாக மேசையில் வைத்துப் பார்த்தபோது, வெப்பம் கூடப்போகிறது என்பதற்கான எந்த ஏற்பாடும் செய்யப்படாமல் வாயு மட்டும் கூட்டப்பட்டிருந்தது தெளிவாகத் தெரிந்தது. நைட்ரஸுக்கு எஞ்சினைத் தயார் செய்வது என்பது திறனைக் கூட்டும் வேலை அன்று, கூடும் வெப்பத்துக்கு இடமும் வழியும் செய்து கொடுக்கும் வேலை என்பதே என் நிலைப்பாடு. அதற்கான ஆதாரங்களை இந்த எஞ்சினைக் கொண்டே விளக்குகிறேன்.

எஞ்சினின் அடிப்படை

எல்எஸ்1 என்பது 5.7 லிட்டர் கொள்ளளவுள்ள வி8 எஞ்சின். சிலிண்டர் விட்டம் 99 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 92 மில்லிமீட்டர், அமுக்க விகிதம் ஏறத்தாழ 10.1. அலுமினிய பிளாக்குக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ்கள் உண்டு. இந்தக் காரில் தொழிற்சாலை அறிவித்த திறன் 305 குதிரைத்திறன். கிராங்க் ஷாஃப்ட் வார்ப்பிரும்பினால் ஆனது, கனெக்டிங் ராடுகள் உலோகத் தூளை அழுத்திச் செய்யப்பட்டவை. பிஸ்டன்கள் சிலிக்கான் மிகுந்த அலுமினியக் கலவையில் வார்க்கப்பட்டவை. இத்தகைய பிஸ்டன் சூட்டில் குறைவாகவே விரியும் என்பதால் சிலிண்டருக்குள் நெருக்கமாகப் பொருந்தி, குளிர்ந்த நிலையிலும் சத்தமின்றி ஓடும். அன்றாடப் பயணத்துக்கு அது அருமையான பிஸ்டன். ஆனால் அதே சிலிக்கான் அதற்கு ஒரு நொறுங்கும் தன்மையையும் கொடுத்துவிடுகிறது. வளைந்து கொடுக்காது, திடீர் அடி விழுந்தால் விள்ளலாக உடையும்.

உரிமையாளர் முதலில் 75 குதிரைத்திறனுக்கான ஜெட்டுகளை (வாயுவும் பெட்ரோலும் பாயும் அளவை வரையறுக்கும் துளைத் துண்டுகளை) பொருத்தி ஒரு பந்தயப் பருவம் முழுவதும் சிக்கலின்றி ஓட்டியிருக்கிறார். நைட்ரஸும் பெட்ரோலும் சேர்ந்து ஒரே நாசில் வழியே, த்ராட்டில் பாடிக்கு முன்னால் தெளிக்கப்படும் வகை அது. தொழிற்சாலை எஞ்சின் ஒன்று இந்த அளவைத் தாங்குவதில் வியப்பில்லை. அடுத்த பருவத்தில் ஜெட்டுகளை மட்டும் 150க்கு மாற்றியிருக்கிறார். ஸ்பார்க் பிளக், அதன் 1.5 மில்லிமீட்டர் இடைவெளி, இக்னிஷன் டைமிங் (பிஸ்டன் மேல்முனையை எட்டுவதற்கு எத்தனை டிகிரி முன்பு தீப்பொறி விழுகிறது என்பது), பெட்ரோல் பம்ப், ஃபில்டர் எல்லாம் பழையபடியே இருந்தன. ஜெட் என்பது சுண்டுவிரல் நுனியில் நிற்கும் ஒரு பித்தளைத் துண்டு, மாற்றுவதற்குச் சில நிமிடங்கள் போதும். இவ்வளவு எளிதாகக் கூடுதல் திறனை இரட்டிப்பாக்க முடிவதால்தான் மற்ற வேலைகளை ஒத்திப்போடத் தோன்றுகிறது.

வாயு செய்யும் வேலை

நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியும் பொருள் அன்று. அதன் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன். நாம் சுவாசிக்கும் காற்றின் எடையிலோ 23 சதவீதம்தான். சிலிண்டருக்குள் எரிதலின் வெப்பத்தில் நைட்ரஸ் மூலக்கூறு சிதைந்து ஆக்சிஜனை விடுவிக்கிறது, சிதையும்போது தன் பங்குக்கும் வெப்பத்தை வெளியிடுகிறது. அந்தக் கூடுதல் ஆக்சிஜனுக்கு ஏற்ற பெட்ரோல் கூடவே வந்தாக வேண்டும். திரவமாகப் பாட்டிலிலிருந்து வரும் நைட்ரஸ் மைனஸ் 88 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாவதால் உள்ளே போகும் காற்றையும் குளிரச் செய்கிறது. காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும் என்பதால் இதுவும் ஒரு சிறு ஆதாயமே. ஆனால் இந்தக் குளிர்ச்சி உள்ளிழுக்கும் பக்கத்தில்தான். எரிதல் தொடங்கிய பிறகு பிஸ்டன் தலையும், மேல் ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றி அமர்ந்து, சிலிண்டர் சுவரோடு பொருந்தி வாயுவை அடைக்கும் வளையம்), எக்ஸாஸ்ட் வால்வும் சந்திப்பது முன்னைவிட மிகக் கடுமையான சூட்டை.

இன்னொன்றையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். டர்போ, சூப்பர்சார்ஜர் ஆகியவற்றின் கூடுதல் எஞ்சினின் வேகத்தோடு சேர்ந்து வளரும். நைட்ரஸ் ஜெட்டோ, எஞ்சின் எந்த வேகத்தில் சுழன்றாலும் ஒரு விநாடிக்கு ஒரே அளவு வாயுவைத்தான் விடும். ஆகவே 6,000 ஆர்பிஎம்மில் 150 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 178 நியூட்டன் மீட்டர் டார்க் கூடுதல் என்றால், 3,000 ஆர்பிஎம்மில் அதே 150 குதிரைத்திறன் 356 நியூட்டன் மீட்டராகிவிடும். வேகம் பாதியானால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சுழற்சியில் கிடைக்கும் வாயு இரட்டிப்பாகிறது என்பதே காரணம். கீழ்வேகத்தில் பட்டனை அழுத்துவோரின் கனெக்டிங் ராடுகள் வளைவதும், பிஸ்டன்கள் பிளப்பதும் இதனால்தான்.

பிரித்தபோது கண்டவை

ஏழாவது சிலிண்டர் ஓட்டுநர் பக்கத்து வரிசையின் கடைசி. எல்எஸ் குடும்ப எஞ்சின்களைக் கட்டுவோரிடையே, கோளாறு வந்தால் முதலில் இந்தச் சிலிண்டரைப் பார் என்று சொல்லும் வழக்கம் உண்டு. இங்கும் அப்படியே அமைந்தது. பிஸ்டனின் மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடைப்பட்ட வளையத்தில் கட்டைவிரல் நக அளவு விள்ளல் பெயர்ந்து போயிருந்தது. சிலிண்டர் சுவரில் ஒரே இடத்தில் இரண்டு செங்குத்துக் கீறல்கள், நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் ஆழத்தில் இருந்தன.

இப்படிப்பட்ட உடைவைப் பார்த்ததும் நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடித்து எரிவது, என்று முடிவு கட்டிவிடுவது எளிது. ஆனால் கடும் நாக்கிங் தன் அடையாளங்களை விட்டுச்செல்லும். பிஸ்டன் தலையின் ஓரத்தில் மணல் வீசி அடித்ததுபோன்ற நுண்குழிகள் விழும், ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் உருகிய அலுமினியம் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும், கனெக்டிங் ராடு பேரிங்கின் மேல்பாதி அடிவாங்கி மங்கியிருக்கும். இந்த எஞ்சினில் நுண்குழிகள் ஏழாவது பிஸ்டனின் ஒரு ஓரத்தில் மட்டும் இலேசாகத் தெரிந்தன. பேரிங்குகள் எட்டும் நல்ல நிலையில் இருந்தன.

ஏழாவது பிஸ்டனின் மேல் ரிங்கை எடுத்து, அதன் இரு முனைகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தபோதுதான் விடை கிடைத்தது. ரிங்கின் முனைகள் வழக்கமாகக் கரிபடிந்து, சாம்பல் நிறத்தில், வெட்டிய கோடுகள் தெரியும்படி இருக்கும். இந்த முனைகளோ கண்ணாடிபோல் பளபளத்தன. இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று முட்டி உரசிக்கொண்டதற்கான அடையாளம் அது. உடையாத சிலிண்டர்களில் ஐந்தாவது, எட்டாவது ஆகியவற்றின் மேல் ரிங்குகளிலும் முனையின் ஒரு மூலையில் அதே பளபளப்பு தொடங்கியிருந்தது. அவையும் உடையும் வரிசையில் நின்றவைதான்.

ரிங் என்பது முழு வட்டம் அன்று, ஓரிடத்தில் வெட்டுவிட்ட வட்டம். சூடேறும்போது அது சுற்றளவில் நீளும், அந்த நீட்சிக்கு இடம் கொடுப்பதற்காகவே முனைகளுக்கு நடுவே இடைவெளி விடப்படுகிறது. 99 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிங்கின் சுற்றளவு 311 மில்லிமீட்டர். வார்ப்பிரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 11 மைக்ரான் விரியும். ஆக, ரிங் சிலிண்டர் சுவரைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் இடைவெளியில் 0.34 மில்லிமீட்டர் மறைந்துவிடும். உடையாத சிலிண்டர்களில் நாங்கள் அளந்தபோது மேல் ரிங் இடைவெளி 0.30 முதல் 0.36 மில்லிமீட்டர் வரை இருந்தது, அதாவது தொழிற்சாலை அளவு. தண்ணீரால் குளிர்விக்கப்படும் சுவருக்கும் ரிங்குக்கும் இடையே 100 டிகிரி வேறுபாடு வந்த நொடியே முனைகள் முட்டிவிடும். அதன் பிறகும் ரிங் நீள முயன்றால் வெளியே சுவரை நோக்கித்தான் தள்ள முடியும், சுவர் விட்டுக்கொடுக்காது. ரிங் சிக்கிக்கொள்ள, பிஸ்டன் கீழே இழுக்க, நொறுங்கும் தன்மையுள்ள அந்த இடைவளையம் பெயர்ந்து வந்தது. சுவரில் இருந்த இரண்டு கீறல்களும் ரிங்கின் இரண்டு முனைகள் பதிந்து இழுத்த தடங்களே.

எரிபொருள் பக்கம்

75இல் முட்டாத ரிங் 150இல் முட்டியது புரிகிறது. ஆனால் 150 ஜெட் போட்ட எல்எஸ்1 எஞ்சின்கள் எல்லாம் உடனே உடைவதில்லை. இந்த எஞ்சினில் சூட்டை மேலும் ஏற்றிவிட்டது எது என்று பார்க்க, பழைய பம்பையும் ஃபில்டரையும் சோதனை மேசையில் இணைத்து, முழு வேகத்தில் எஞ்சின் கேட்கும் அளவும் நைட்ரஸ் நாசில் கேட்கும் அளவும் சேர்த்துப் பெட்ரோல் எடுத்தோம். 58 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய அழுத்தம் 47க்கு இறங்கியது. ஜெட் வழியே பாயும் பெட்ரோலின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், இது ஏறத்தாழ 10 சதவீதக் குறைவு. நாசிலின் பெட்ரோல் ஜெட்டுக்கு மட்டுமன்றி எஞ்சினின் எட்டு இன்ஜெக்டர்களுக்கும் இதே குறைவு பொருந்தும். நைட்ரஸ் பக்கமோ பாட்டிலின் சொந்த அழுத்தத்தில் ஓடுவதால் அது குறையவே இல்லை. பெட்ரோல் குறைந்து ஆக்சிஜன் மிகுந்த கலவை, கூடுதல் சூட்டோடு எரிந்து ரிங்கைத்தான் முதலில் தாக்கியது.

புதிய ஏற்பாட்டில் தொட்டிக்குள் அதிக அளவு தரும் பம்ப் போட்டோம். அதைவிட முக்கியமாக, அதற்குத் தனி ரிலேயும் தடித்த வயரும் பேட்டரியிலிருந்து நேராக இழுத்தோம். பழைய மெல்லிய வயரில் பம்புக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ், சுமை ஏறும்போது விழுந்துவிடும். பம்ப் எவ்வளவு பெரியதானாலும் அப்போது பயனில்லை. நாசிலுக்கான பெட்ரோல் லைனில் அழுத்தக் காப்பு சுவிட்ச் ஒன்றும் பொருத்தப்பட்டது. அழுத்தம் 52 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் அது நைட்ரஸையும் பெட்ரோலையும் திறந்துவிடும் மின்வால்வுகளான சாலினாய்டுகளின் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நைட்ரஸ் பொருத்தும் எவரும் மற்றெதைத் தவிர்த்தாலும் இந்த ஒரு சுவிட்சைத் தவிர்க்கக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்வேன். அதன் விலை ஒரு பிஸ்டனின் விலைக்கும் குறைவு.

மறுபடி கட்டியது

பிளாக்கின் ஏழாவது சிலிண்டர் கீறல்கள் ஹோனிங்கில் (சுவரை நுண்கற்களால் தேய்த்துச் சீராக்குவதில்) மறையும் அளவுக்கு இல்லாததால், ஸ்லீவ் மாற்ற வேண்டியதாயிற்று. எல்எஸ்1 ஸ்லீவ்கள் மெல்லியவை, போரிங் செய்து விட்டத்தைக் கூட்ட அவை அதிகம் இடம் தருவதில்லை. பிறகு சிலிண்டர்களின் மூடியான ஹெட்டின் இடத்தில், அதைப் போலவே அழுத்தும் தடித்த தகடான டார்க் பிளேட்டைப் போல்ட் போட்டு இறுக்கி, எட்டுச் சிலிண்டர்களையும் ஹோனிங் செய்தோம். ஹெட் இறுகும்போது சிலிண்டர் வாய் சற்றே உருக்குலையும். அந்த உருக்குலைவோடு சேர்த்து வட்டமாக்கினால்தான் ரிங் சுவரோடு முழுமையாகப் பொருந்தும்.

பிஸ்டன்களுக்கு 2618 என்ற அலுமினியக் கலவையில் அடித்து உருவாக்கப்பட்டவற்றைத் தேர்ந்தெடுத்தோம். 4032 கலவையும் கிடைக்கிறது. அதில் சிலிக்கான் 12 சதவீதம் அளவுக்கு இருப்பதால் குறைவாக விரியும், நாள்தோறும் ஓட்டும் காருக்கு ஏற்றது. 2618இல் சிலிக்கான் மிகக் குறைவு என்பதால் அதிகம் விரியும், ஆகவே சிலிண்டரில் கூடுதல் இடம் விட வேண்டும், காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் சிறிது நேரம் தட்டும் சத்தம் கேட்கும். ஆனால் அடி விழும்போது நொறுங்காமல் தாங்கும். இந்தக் காரின் பயன்பாட்டைக் கருதி, சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். நைட்ரஸுக்கென்று வடிவமைத்த பிஸ்டனில் மேல் ரிங் சற்றுக் கீழிறங்கி, எரிதலின் நேரடிச் சூட்டிலிருந்து விலகி இருக்கும். ரிங்குகளுக்கு இடைப்பட்ட வளையமும் தடிமனாக இருக்கும்.

ரிங் இடைவெளியை வெட்டியது இந்தப் பணியின் மையம். நைட்ரஸ் எஞ்சினில் மேல் ரிங்குக்கு ஓர் அங்குல விட்டத்துக்கு 0.007 அங்குலம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 99 மில்லிமீட்டர் விட்டத்துக்கு அது 0.69 மில்லிமீட்டர். மேலே பார்த்த கணக்கின்படி ரிங் சுவரைவிட 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினாலும் முனைகள் முட்டா. இரண்டாவது ரிங்கை அதைவிடச் சற்றுக் கூட்டி 0.75 ஆக்கினோம். மேல் ரிங்கைத் தாண்டி வரும் வாயு இரண்டு ரிங்குகளுக்கு நடுவே சிக்கி நின்றால் மேல் ரிங்கைத் தூக்கிவிடும், அதற்குப் போக வழி வேண்டும். ஒவ்வொரு ரிங்கையும் அது போகவிருக்கும் சிலிண்டருக்குள்ளேயே இட்டு, பிஸ்டன் தலையால் ஓர் அங்குல ஆழத்துக்குத் தள்ளி மட்டமாக்கி, ஃபீலர் கேஜால் அளந்து, வெளியே எடுத்து, அரத்தில் இரண்டொரு இழுப்பு இழுத்து, மறுபடி உள்ளே இட்டு அளக்க வேண்டும். அரம் ரிங்கின் வெளி முகத்திலிருந்து உள்நோக்கியே ஓட வேண்டும். எதிர்த்திசையில் ஓடினால் முகத்திலுள்ள மாலிப்டினப் பூச்சு பெயர்ந்துவிடும். வெட்டி முடிந்ததும் முனையின் பிசிறை மெல்லிய எண்ணெய்க் கல்லால் எடுத்துவிட்டு, சிலிண்டர் எண்ணைப் பையில் எழுதித் தனித்தனியே வைத்தோம். அவசரப்பட்டு அதிகம் வெட்டிவிட்டால் ரிங்கைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. இவ்வளவு இடைவெளி விட்டால் நைட்ரஸ் இல்லாத நேரத்தில் அமுக்கம் கசியாதா என்ற கேள்வி நியாயமானது. சூடேறிய நிலையில் கசிவுச் சோதனை செய்தபோது, முந்தைய நிலையோடு ஒப்பிட்டுக் கவலைப்படும்படியான வேறுபாடு இல்லை.

கனெக்டிங் ராடுகளின் போல்ட்டுகளை வலுவான வகைக்கு மாற்றினோம், ராடுகளை மாற்றவில்லை. எல்எஸ்1இன் ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை நீட்டி இறுக்கப்படுபவை, கழற்றினால் மறுபடி போடக் கூடாது. அவற்றுக்குப் பதிலாக ஸ்டட்களும், பல அடுக்கு எஃகு ஹெட் கேஸ்கட்டும் போடப்பட்டன. அத்தகைய கேஸ்கட் கேட்கும் வழவழப்புக்கு ஹெட்டின் முகமும் பிளாக்கின் முகமும் சீவப்பட்டன. கேம் ஷாஃப்ட்டைத் தொடவில்லை.

தீப்பொறியும் டைமிங்கும்

ஆக்சிஜன் மிகுந்த கலவை வேகமாக எரிகிறது. பிஸ்டன் மேல்முனையைக் கடந்து 15 டிகிரி அளவில் வர வேண்டிய உச்ச அழுத்தம், டைமிங்கைப் பழையபடி விட்டால் அதற்கு முன்பே வந்துவிடும். மேலேறும் பிஸ்டன் மீதே அடி விழும். ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் 2 டிகிரி பின்வாங்குவது நடைமுறை. முழு த்ராட்டிலில் 28 டிகிரியாக இருந்ததை, நைட்ரஸ் பாயும்போது மட்டும் 22 ஆகும்படி அமைத்தோம். பிளக்கை என்ஜிகே நிறுவனத்தின் வகையில் ஒரு படி குளிர்ந்த 6ஆம் எண்ணுக்கு மாற்றி, இடைவெளியை 0.9 மில்லிமீட்டராகக் குறைத்தோம். அழுத்தம் மிகுந்த சிலிண்டரில் 1.5 மில்லிமீட்டரைத் தாண்டிக் குதிக்கத் தீப்பொறி திணறும். அப்படி எரியாமல் விட்ட கலவை உள்ளே தங்கினால் இன்டேக் பக்கம் வெடிக்கும். எல்எஸ்1இன் இன்டேக் மேனிஃபோல்டு நைலானால் ஆனது, அது காற்றை மட்டும் கொண்டுசெல்வதற்காக வடிவமைக்கப்பட்டது. பெட்ரோல் துளிகள் அதன் அடியில் தேங்கினால் என்ன ஆகும் என்பதைச் சிதறிய மேனிஃபோல்டுகள் பலருக்குக் காட்டியிருக்கின்றன.

அதனால்தான் சாலினாய்டுகள் திறக்கும் நேரத்தை ஓட்டுநரின் விரலுக்கு விடவில்லை. த்ராட்டில் முழுதாகத் திறந்திருந்து, எஞ்சின் வேகம் 3,200க்கும் 6,000க்கும் இடையே இருந்தால்தான் அவை திறக்கும். மேல் எல்லைக்கும் காரணம் உண்டு: 6,200இல் தொழிற்சாலை வேக வரம்பு, இன்ஜெக்டர்களின் பெட்ரோலைத் துண்டிக்கும் முறையில் வேலை செய்கிறது. அந்த நொடியில் நைட்ரஸ் பாய்ந்துகொண்டிருந்தால் மறுபடியும் பெட்ரோல் இல்லாத ஆக்சிஜன்தான் மிஞ்சும்.

பாட்டில்

ஜெட் ஜோடிகளின் அளவுகள் 900 முதல் 950 பிஎஸ்ஐ வரையிலான பாட்டில் அழுத்தத்தைக் கருதி வகுக்கப்பட்டவை. 20 டிகிரி செல்சியஸில் பாட்டிலில் இருப்பது 735 பிஎஸ்ஐ அளவுதான். 30 டிகிரியில் 915 வருகிறது. 36.4 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்ற ஒன்றே இருக்காது, என்ன அடர்த்தியில் எவ்வளவு வெளியே வரும் என்று கணிக்க இயலாது. டெக்சாஸின் ஜூலை மதியத்தில், மூடிய டிக்கிக்குள் அந்த எல்லையைத் தாண்டுவது சர்வசாதாரணம். ஆகவே தெர்மோஸ்டாட் உள்ள போர்வை வகை ஹீட்டரோடு, கோடையில் பாட்டிலை நிழலில் வைத்திருந்து ஓட்டத்துக்குச் சற்று முன் பொருத்தும் பழக்கத்தையும் உரிமையாளருக்கு வலியுறுத்தினோம். தீயைக் காட்டிப் பாட்டிலைச் சூடாக்குவோர் இன்றும் இருக்கிறார்கள். பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ அதைத் தடை செய்திருக்கிறது, அந்தத் தடை முற்றிலும் சரி. பாட்டிலின் பாதுகாப்புத் தகடு வெடித்தால் வாயு காருக்கு வெளியே போகக் குழாயும் இழுக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு இந்தியாவில் தன் காரில் முயல நினைப்பவர்கள், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். இவை பந்தயக் களத்துக்கான வேலைகள்.

சோதனை

புதிய ரிங்குகள் பதியும்வரை நைட்ரஸ் இல்லாமல் ஓட்டி, எண்ணெய் மாற்றிய பிறகு, திறனை அளக்கும் டைனோவில் 75 ஜெட்டோடு தொடங்கினோம். அடுத்து 100, பிறகு 150. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் உடனே எஞ்சினை நிறுத்தி, எட்டு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் படித்தோம். பீங்கான் சுத்தமாக இருக்க வேண்டும், அதில் கருப்போ பளபளப்போ ஆன பொடிகள் இருக்கக் கூடாது. பிளக்கின் வளைந்த கம்பியில் சூட்டின் நிறமாற்றம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது டைமிங்கைச் சொல்லும். அது கம்பியின் அடிப்பகுதியை நோக்கி நகர நகர, டைமிங் மிகுதி என்று பொருள். காற்று எரிபொருள் விகிதம் 11.6 அளவில் நின்றது. ஆனால் எக்ஸாஸ்டில் உள்ள சென்சார் எட்டுச் சிலிண்டர்களின் சராசரியைத்தான் காட்டும். ஒற்றை நாசிலிலிருந்து போகும் பெட்ரோல் எல்லாச் சிலிண்டருக்கும் சமமாகப் பிரிவதில்லை என்பதால், நான் சென்சாரைவிடப் பிளக்கையே நம்புகிறேன். 150இல் ஏழாவது பிளக் மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாயல் வெளுத்திருந்தது. பெட்ரோல் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கிய பின் அந்த வேறுபாடு குறைந்தது. அதற்காகச் சில குதிரைத்திறனை விட்டுக்கொடுத்தோம்.

கார் அடுத்த பந்தயப் பருவம் முழுவதும் ஓடியபின் கசிவுச் சோதனைக்குத் திரும்பி வந்தது. எட்டுச் சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டின. உரிமையாளர் இப்போது 200 ஜெட் கேட்கிறார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி நாசில், நைட்ரஸுக்கென்று தனிப் பெட்ரோல் தொட்டியும் பம்பும், அடித்து உருவாக்கிய கனெக்டிங் ராடுகள் ஆகிய மூன்றும் வந்த பிறகே அந்த ஜெட்டைப் பொருத்துவோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.